மரபணு அறிக்கை நோய்ச் சான்றிதழ் அல்ல

அல்சைமர் நோய்க்கான ஆபத்தைக் கூட்டும் மரபணுக்களில் முதன்மையானது 19-ஆம் குரோமோசோமில் உள்ள ஏபோஈ. இதன் ஈ4 வகை பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் ஐரோப்பிய வம்சாவளியினருக்கு ஆபத்து ஏறத்தாழ 3 மடங்கு. இருவரிடமிருந்தும் வந்திருந்தால் 10 மடங்கைக்கூடத் தாண்டலாம். அதே ஈ4 ஜப்பானியரிடம் இன்னும் வலுவாகவும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் வலுக்குறைந்தும் காணப்படுகிறது. ஈ4 இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு. இல்லாமலே வந்தவர்களும் உண்டு.

பார்க்கின்சன் நோயில் இந்த வம்சாவளி வேறுபாடு இன்னும் கூர்மையானது. எல்ஆர்ஆர்கே2 மரபணுவின் ஜி2019எஸ் மாற்றம் வட ஆப்பிரிக்க பெர்பர், அஷ்கெனாசி யூதக் குடும்பங்களில் அடிக்கடி தென்படுவது. இந்திய நோயாளிகளிடம் அபூர்வம். மரபணுச் சோதனைக்கு எச்சிலைக் குப்பியில் துப்பி கூரியரில் அனுப்பிய ஒருவருக்கு, இந்த மாற்றம் 'இல்லை' என்று அறிக்கை வருகிறது. அவர் மதுரைக்காரர் என்றால் அந்த 'இல்லை'யால் பெரிதாகப் பயனில்லை. ஆனால் குடும்பமே நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. ஆபத்துக் கணக்குகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போடப்பட்டவை. இதைச் சோதனை நிறுவனங்கள் பொடி எழுத்தில் போடுகின்றன, வாங்குபவர் படிப்பதில்லை.

ஹன்டிங்டன் நோய் விதிவிலக்கு. அதற்குரிய மரபணுவில் சிஏஜி என்ற தொடர் 40 முறை அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால், முழு ஆயுள் வாழ்பவருக்கு நோய் வருவது ஏறத்தாழ உறுதி. அறிகுறி இல்லாதவர் மரபணு ஆலோசகரைப் பார்க்காமல் இச்சோதனைக்குப் போகக்கூடாது. 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு அறவே வேண்டாம்.

அடுத்த சிக்கல் காப்பீடு. மரபணுப் பாகுபாட்டைத் தடுக்க இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. எனினும் மரபணுக் கோளாறைக் காட்டிச் சிகிச்சைச் செலவை விலக்கும் நிபந்தனை மருத்துவக் காப்பீட்டில் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-இல் வரையறுத்தது. ஆயுள் காப்பீட்டுக்கு இது பொருந்தாது. விண்ணப்பத்தில் கேட்ட கேள்விக்கு உண்மையை மறைப்பதும் ஆகாது. பிறகு அதுவே மறுப்புக்குக் காரணமாகும்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதல் வேலை, காரணத்தை எழுத்தில் வாங்குவது. போனில் "கிடைக்காது சார்" என்றதைக் கேட்டுவிட்டுச் சோர்ந்து உட்காருவோர்தான் அதிகம். அடுத்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனு. ஈ4 போன்றது ஆபத்துக் காரணி மட்டுமே, எந்த மருத்துவரும் நோய் என்று கண்டறியவில்லை என்பதை மனுவில் தனி வரியாக எழுதி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்த வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது மறுப்பே பதில் என்றால், ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் உள்ளது. பாலிசி நகல், மறுப்புக் கடிதம், நிறுவனத்துக்கு அனுப்பிய மனு ஆகியவற்றை இணைக்க வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். இதே விவகாரம் நுகர்வோர் நீதிமன்றத்தில் இருந்தால் மனு ஏற்கப்படாது. ஓம்பட்ஸ்மனின் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். போனில் சொன்ன பதிலை அங்கே காட்ட முடியாது, கடிதம் வேண்டும்.