ஓய்வில் இறுகும் பம்பு

அமெரிக்காவின் மின்னசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களில் கிராமத்து வீடுகளுக்குச் சற்றுத் தள்ளி, புகைபோக்கி வைத்த தகரக் கொட்டகை போல ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். அதுதான் வெளிப்புற விறகு பாய்லர். உள்ளே நெருப்பறை. அதைச் சுற்றிய இரட்டை எஃகுச் சுவருக்கு நடுவே பல நூறு லிட்டர் தண்ணீர். 70, 80 டிகிரி செல்சியஸுக்குக் காயும் அந்தத் தண்ணீர், மண்ணுக்கடியில் புதைத்த குழாய் வழியே வீட்டுக்குள் போய், சூட்டைக் கொடுத்துவிட்டு இன்னொரு குழாயில் பாய்லருக்குத் திரும்பும். இந்தச் சுற்றை நடத்துவது ஒற்றைக் கையால் தூக்கிவிடக்கூடிய சின்னப் பம்பு. அது இழுக்கும் மின்சாரம் சுமார் 80 வாட். அக்டோபரில் போட்டால் ஏப்ரல் கடைசிவரை இரவு பகல் ஓடும். மே மாதம் அணைத்தால் ஐந்து மாதம் சும்மா கிடக்கும். மறுபடி குளிர் தொடங்கி சுவிட்சைப் போடும்போது சில பம்புகள் உறுமுகின்றன, சுற்றுவதில்லை. ஏழு மாதம் ஓயாமல் ஓடியதில் தேய்ந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இந்த வகைப் பம்பின் அமைப்பையும் அதற்குள் இருக்கும் தண்ணீரின் வேதியியலையும் சேர்த்துப் பார்த்தால், ஓடிய ஏழு மாதத்தைவிட நின்ற ஐந்து மாதத்தின் மேல்தான் சந்தேகம் விழவேண்டும்.

வெந்நீர்க் குழாயில் மோட்டார் வைத்துத் தண்ணீரைத் தள்ளும் யோசனை நூறாண்டுப் பழசு. ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் வில்ஹெல்ம் ஓப்லாண்டர் 1928இல் அப்படி ஒரு கருவியை உருவாக்கினார். பின்னால் பரவலான வடிவத்தில், சுற்றும் பாகமான ரோட்டர் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. காயில் சுற்றிய ஸ்டேட்டர் மட்டும் வெளியே, உலர்ந்த பக்கத்தில். இரண்டுக்கும் இடையே மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் குவளை. காந்தப்புலம் அதை ஊடுருவிப் போய் ரோட்டரைச் சுற்றவைக்கிறது. சீல் வைக்கவேண்டிய சுழல்தண்டு வெளியே வராததால் ஒழுக வழியில்லை, சத்தமும் குறைவு, எண்ணெய் போடவும் வேண்டியதில்லை. பீங்கான் தண்டும் கார்பன் பேரிங்கும் உரசிக்கொள்ளாமல் காப்பது, நடுவே தங்கும் தண்ணீர்ப் படலம்தான். கோவையில் செய்யப்படும் தண்ணீர் நிரப்பிய போர்வெல் மோட்டார்களின் பேரிங்கும் இதே வழியில்தான் இயங்குகிறது. நெடுநாள் நின்ற மோட்டார் ‘ஜாம்’ ஆவது நம் விவசாயிகளுக்குப் புதிய செய்தி இல்லை. எண்ணெய் வேலையைத் தண்ணீரிடம் கொடுத்துவிட்டதால், அந்தத் தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ அவ்வளவுதான் பம்பின் ஆயுள். ரோட்டருக்கும் குவளைக்கும் இடையே உள்ள சந்து ஒரு மில்லிமீட்டரிலும் சிறு பங்கு. அதற்குள் போன தண்ணீர் வெளித் தண்ணீரோடு மெதுவாகத்தான் கலக்கும். கூடவே போன தூசும் அங்கேயே தங்கிவிடும்.

என்ன தூசு? முதலாவது மாக்னடைட் என்னும் கறுப்பு இரும்பு ஆக்சைடு. காற்று தாராளமாகக் கிடைத்தால் இரும்பு செந்துருவாகும்; ஆக்சிஜன் குறைந்த சூடான தண்ணீரில் மை போன்ற கறுப்புத் துகளாகும். பாய்லரின் எஃகுச் சுவரிலிருந்தும் பம்பின் வார்ப்பிரும்பு உடலிலிருந்தும் இது கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டே இருக்கும். இதற்குக் காந்த ஈர்ப்பும் உண்டு என்பதால் மோட்டாரின் அருகில் சேர விரும்புகிற அழுக்கு இது. இரண்டாவது சுண்ணாம்பு. வெளிப்புற விறகு பாய்லர்களில் பெரும்பாலானவை அழுத்தம் ஏற்றாத, மேலே காற்றுத் திறப்புள்ள வகை. ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு ஈடாக அவ்வப்போது ஊற்றவேண்டியிருக்கிறது. சுண்ணாம்புப் பாறை நிலத்துக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றும் ஒவ்வொரு முறையும் புதிய சுண்ணாம்பும் புதிய ஆக்சிஜனும் உள்ளே போகின்றன. பம்பு ஓடும்வரை இந்தத் துகள்கள் மிதந்துகொண்டும் அசைந்துகொண்டும் இருக்கும். நின்றதும் அடங்கி, சந்திலும் பேரிங்கிலும் படிந்து, மாதக்கணக்கில் இறுகும். இறுகிய படிவம் மெல்லியதாக இருந்தாலே போதும். ஒரே ஃபேஸில் ஓடும் இந்தச் சிறு மோட்டாரின் தொடக்க விசை மிகக் குறைவு. ஓடும் ரோட்டரை நிறுத்தமுடியாத அதே படிவம், நிற்கும் ரோட்டரைப் புறப்படவிடாது.

சில மாடல்களின் முகப்பில் நடுவே அகலமான திருகு ஒன்று இருக்கும். மின்சாரத்தை அணைத்து, தண்ணீர் ஆறியபின் அதைக் கழற்றினால் கறுப்புத் தண்ணீர் நாலு சொட்டு வழியும். உள்ளே தண்டின் முனையில் வெட்டிய கோடு தெரியும். திருப்புளியை அதில் வைத்துத் திருப்பினால் முதல் கால் சுற்று கையை எதிர்க்கும், அப்புறம் சட்டென்று இளகிவிடும். பிறகு பம்பு பல ஆண்டுகள் ஓடலாம். தேய்ந்துபோன பேரிங் கால் சுற்றில் குணமாகாது. அங்கே இருந்தது தேய்மானம் அல்ல, ஒட்டுதல் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைக்காது. எல்லாப் பழுதும் இப்படி என்று சொல்ல முடியாது. தண்டு கையால் இலேசாகச் சுற்றியும் மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தால் கண்டென்சரைப் பார்க்கவேண்டும். பாய்லரின் பின்பெட்டிக்குள் கோடையில் குடிபுகுந்த எலி, ஒயரைக் கடித்திருக்கவும் கூடும்.

நோய் ஒட்டுதல் என்றால் மருந்து எளிது: ஒட்டவிடாமல் இருப்பது. கோடையில் வாரம் ஒருமுறை, பாய்லர் பற்றவைக்காமலே, வால்வுகளைத் திறந்து ஐந்து நிமிடம் பம்பை ஓடவிடவேண்டும். (வால்வுகளும் அந்தச் சாக்கில் ஒருமுறை திறந்து மூடும், அவையும் இறுகுகிறவைதான்.) மின்சாரம் வீண் என்று இதை எதிர்ப்பவர்கள் கணக்குப் பார்க்கலாம். 22 வாரத்துக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம்கூட ஓடாது. ஆகும் செலவு ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே. குளிர்காலத்தில் அதே பம்பு 400 யூனிட் தின்கிறது. அப்படியானால் கோடை முழுக்க ஓடவிட்டால் என்ன என்று மறுகோடிக்குப் போகிறவர்களும் உண்டு. அதற்கு ஏறக்குறைய 290 யூனிட் ஆகும், பேரிங்கும் பயனில்லாமல் உழைக்கும். படிவம் இறுக வாரங்கள் பிடிக்கும்போது அதைக் கலைக்க நிமிடங்கள் போதும்.

கனமான ஆட்சேபம் வேறு. தண்ணீர்தான் துருவுக்குக் காரணம் என்றால் மே மாதமே முழுவதையும் வடித்துவிடலாமே? கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் துருவுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேண்டும். வடித்த பாய்லர் உலர்ந்த பாய்லர் ஆகிவிடாது. சுவர்களில் ஈரம், மூலைகளில் தேங்கிய நீர், அதன்மேல் தாராளமாகக் காற்று. துரு பிடிக்க இதைவிடச் சாதகமான இடம் இருக்காது. நிரம்பியிருக்கும் பாய்லரிலோ கரைந்த ஆக்சிஜன் சீக்கிரம் செலவாகிவிடும், மேலே திறப்பு வழியாக வருவது சொற்பம். அந்தச் சொற்பத்துக்கும் நைட்ரைட் போன்ற துருத்தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கலந்து, காரத்தன்மையைச் சோதித்து வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம். சீசன் முடிவதுதான் அந்தச் சோதனைக்கும் குறைந்த மருந்தை நிரப்புவதற்கும் ஏற்ற நேரம். புதிதாக ஊற்றியதைக் கடைசியாக ஒருமுறை சூடாக்கிச் சுற்றவிட்டால் மருந்து எல்லா இடத்துக்கும் போகும். வடிப்பதில் இன்னொரு ஆபத்து பம்புக்கே உரியது. தண்ணீர்தான் மசகு என்பதால் வறண்ட பம்பைச் சோதனைக்காக ஒரு நிமிடம் ஓட்டினாலும் பேரிங் கருகத் தொடங்கும். ஆகவே வடிப்பதா வேண்டாமா, ஓட்டுவதா வேண்டாமா என்பவை இரண்டு தனிக் கேள்விகள் அல்ல. வடித்துத்தான் ஆகவேண்டும் என்ற நிலையில், உதாரணமாக குளிர்காலத்தில் ஆளில்லாமல் பூட்டப்போகும் வீட்டில், பம்பைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுவதே சரி.

பம்பின் விலை அதிகமில்லை, போனால் வேறு மாட்டலாம் என்று சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கைவசம் உதிரிப் பம்பு வைத்திருப்பது நல்ல பழக்கம்கூட. ஆனால் இந்தப் பம்பு எப்போது கைவிடும் என்பதைப் பார்க்கவேண்டும். அதை முதலில் தேடும் நாள் குளிர் வந்துவிட்ட நாள். பம்பு நின்றது தெரியாமல் நெருப்பறையில் விறகை அடுக்கிவிட்டால் பாய்லரில் தண்ணீர் கொதித்துத் திறப்பு வழியே பொங்கும், வீடோ சில்லிட்டுக் கிடக்கும். கொதித்துப் போன தண்ணீருக்குப் பதிலாக மறுபடி கிணற்றுத் தண்ணீர், மறுபடி சுண்ணாம்பு, நீர்த்துப்போன மருந்து. பம்பு போனதற்கான செலவு பம்பின் விலையோடு முடிவதில்லை.

புதிய பம்புகள் இந்தத் தொல்லையைத் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கைக்குப் பாதி ஆதாரம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2013இலும் 2015இலும் சுழற்சிப் பம்புகளுக்கான மின்சிக்கன விதிகளை இறுக்கியபின், நிரந்தரக் காந்த ரோட்டர் உள்ள பம்புகள் அங்கே வழக்கமாகிவிட்டன; அமெரிக்கக் கடைகளிலும் அவை பெருகிவருகின்றன. அதே வேலையைப் பாதிக்கும் குறைந்த மின்சாரத்தில் முடிக்கின்றன. ஆனால் நிரந்தரக் காந்தம் மின்சாரம் இல்லாதபோதும் காந்தம்தான். கோடை முழுவதும் மாக்னடைட்டைத் தன்பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும். இதை அறிந்துதான் பல தயாரிப்பாளர்கள் பம்பின் மின்னணுச் சுற்றிலேயே மருந்தை வைத்திருக்கிறார்கள்: சிக்கிய ரோட்டரை முன்னும் பின்னும் ஆட்டி விடுவிக்கும் ஏற்பாடு. கட்டுப்பாட்டுப் பெட்டிகள் சிலவற்றில், நெடுநாள் நின்ற பம்பைத் தானாகவே சில நொடி ஓட்டும் வசதியும் உண்டு. தானாக ஓட்டும் இந்த வசதிக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கவேண்டும். மே மாதம் பாய்லரின் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிறவருக்கு அந்த வசதி இருந்தும் இல்லாததுதான்.