மூங்கில் தரை: பலகையைப் பார்க்குமுன் பசையைக் கேளுங்கள்

ஓசூரின் மார்கழிக் காலையில் கிரானைட் தரையில் வெறுங்காலை வைத்தவர்களுக்கு, மூங்கில் தரையின் மீது ஆசை எழுவதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை. கல் குவாரிகள் நிறைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பெரும்பாலான வீடுகளில் கல் அல்லது டைல்ஸ் தரையே உள்ளது. அது உறுதியானது, கழுவுவதற்கு எளிது. ஆனால் குளிரும், நனைந்தால் வழுக்கும். ஆகவே, நோயுற்ற பெற்றோர் படுக்கும் ஓர் அறைக்கு மட்டும் மூங்கில் பலகை பதிக்கலாமா என்று சில குடும்பத்தினர் எங்களிடம் கேட்கின்றனர்.

நுரையீரல் மருத்துவப் பிரிவைச் சேர்ந்த நாங்கள் இதைப் பற்றி எழுத ஒரு நோயாளியே காரணம். ஆலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அந்த முதியவருக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். பத்து நாள் சிகிச்சைக்குப் பின் மூச்சுத்திணறல் தணிந்து வீடு திரும்பினார். அந்தப் பத்து நாளுக்குள் அவருடைய மகன் அன்போடு அறையைப் புதுப்பித்திருந்தார்: புதிய மூங்கில் தரை, அதன்மேல் புதிய வார்னிஷ், குளிர் புகாதவாறு இறுக மூடிய சன்னல்கள். நான்காம் நாள் கண்ணெரிச்சலும் இருமலும் திணறலுமாக முதியவர் மீண்டும் வந்தார். தரை மட்டுமே காரணம் என்று எங்களால் நிறுவ இயலாது. எனினும், வேறு அறைக்கு மாற்றிய பின் கண்ணெரிச்சல் அடங்கியது. மருந்துகளையும் இன்ஹேலர் முறையையும் விரிவாக விளக்கியிருந்த நாங்கள், அவர் எத்தகைய அறைக்குத் திரும்புகிறார் என்று கேட்கவில்லை. இப்போது கேட்கிறோம்.

பலகை எவ்வாறு உருவாகிறது?

மூங்கில் மரமன்று, புல் இனத்தைச் சேர்ந்தது. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரமாகவே கருதி வந்தது. 2017-இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பிறகே, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் அந்த வரையறையிலிருந்து நீக்கப்பட்டது. உள்ளே கூடாக இருக்கும் தண்டிலிருந்து அகலமான பலகையை நேரடியாக அறுத்தெடுக்க முடியாது. தண்டைக் கீற்றுகளாகப் பிளந்து, மேல்தோலைச் சீவி, மாவுச்சத்து நீங்க வேகவைத்து, உலர்த்தி, பசையிட்டு அழுத்தியே பலகை செய்கின்றனர். எனவே மூங்கில் தரை என்பது மூங்கிலும் பசையும் சேர்ந்த ஒரு பொருள். அதன் தரத்தில் பாதி பசையின் தரம்.

கடைகளில் பொதுவாக மூன்று வகைகள் கிடைக்கின்றன. கீற்றுகளைப் படுக்கையாக அடுக்கியது, செங்குத்தாக அடுக்கியது, கீற்றுகளை நார்நாராக நசுக்கி, பசையில் தோய்த்து, பேரழுத்தத்தில் இறுக்கியது. மூன்றாவதே மிகக் கடினமானது. அதன் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1000 கிலோ அல்லது அதற்கு மேலும் இருக்கும். சக்கர நாற்காலியும் ஆக்ஸிஜன் செறிவூட்டியும் உருளும் அறைக்கு அதுவே ஏற்றது. ஆனால் அதில் பசையின் பங்கும் கூடுதல் என்பதை மறத்தலாகாது. காப்பி நிறப் பலகைகளில் பல, சாயமிடப்படாமல் நீராவியில் சூடேற்றி நிறம் மாற்றப்பட்டவை. படுக்கை, செங்குத்து வகைகளில் அவ்வாறு சூடேற்றியவை இயற்கை நிறப் பலகையைவிடச் சற்று மென்மையானவை. எளிதில் தடம் பதியும்.

பசையே முதல் கேள்வி

விலை குறைந்த பலகைகளில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை பயன்படுவதுண்டு. இதிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு சிறிது சிறிதாக வெளியேறும். வெப்பமும் ஈரமும் கூடினால் வெளியேற்றமும் கூடும். கண், மூக்கு, தொண்டை எரிச்சலும் இருமலும் இதன் முதல் விளைவுகள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் சுருங்கிய மூச்சுக்குழல் கொண்டவர்களுக்கும் இந்த எரிச்சல் திணறலாக மாறக்கூடும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் இவ்வாயுவை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. வீட்டுக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல், அரைமணி நேரச் சராசரியாகக்கூட, இருத்தல் கூடாது என்று அதே அமைப்பு 2010-இல் வழிகாட்டியது.

அச்சமூட்டுவது எங்கள் நோக்கமன்று. பினாலிக் பசை மிகக் குறைவாகவே இவ்வாயுவை வெளியிடுகிறது. ஃபார்மால்டிஹைடு சேர்க்காத பசைகளும் உள்ளன. ஆகவே விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது: “எந்தப் பசை? வாயு வெளியீட்டுச் சோதனை அறிக்கை உண்டா?” ஐரோப்பிய முறையில் ‘ஈ1’ என்னும் தரம் பரவலாக அறியப்பட்டது, அதனினும் குறைந்த வெளியீட்டை ‘ஈ0’ என்று கடைக்காரர்கள் குறிப்பிடுவர். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எழுத்து மட்டும் போதாது. நீங்கள் வாங்கும் அதே பலகைக்கு உரிய அறிக்கையைப் பாருங்கள்.

வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. மாதிரித் துண்டு ஒன்றை மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில் இட்டு, ஓர் இரவு வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். காலையில் திறக்கும்போது மூக்கைக் குத்தும் வாடை வந்தால் அந்தப் பலகையைத் தவிர்த்துவிடலாம். வாடை இல்லாததை மட்டும் நற்சான்றாகக் கொள்ளாதீர்கள். இச்சோதனையை நோயாளியைக் கொண்டு செய்விக்கவும் கூடாது.

முற்றிய மூங்கில், உலர்ந்த தளம்

மூங்கில் சில மாதங்களிலேயே முழு உயரத்தை எட்டிவிடும்; முற்றுவதற்கு ஆண்டுகள் ஆகும். தரைப்பலகைக்கு ஏறத்தாழ 4 முதல் 6 ஆண்டு முற்றிய தண்டே ஏற்றது. இளம் மூங்கிலில் ஈரம் மிகுதி; அது சுருங்கும், உளுத்துப்போகும். பலகையின் ஓரத்தில் ஊசித்துளைகளும் மாவு போன்ற தூளும் தென்பட்டால் வண்டு துளைத்திருக்கிறது என்று பொருள். பூச்சித்தடுப்புக்கு என்ன செய்தார்கள் என்றும் கேளுங்கள். போராக்ஸ், போரிக் அமிலம் கொண்டு பதப்படுத்துவது நன்கு அறியப்பட்ட முறை.

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. பங்குனியில் காற்று வறண்டிருக்கும். ஐப்பசியில் ஈரம் மிகும். பலகையும் அதற்கேற்பச் சுருங்கி விரியும். ஆகவே பெட்டிகளைப் பதிக்கப்போகும் அறையிலேயே குறைந்தது மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். நார் அழுத்திய வகைக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ தேவைப்படலாம். சுவரோரத்தில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். அடித்தளத்தில் ஈரம் இருந்தால் பலகை வீங்கும், அடியில் பூஞ்சணம் படரும். பூஞ்சணம் ஆஸ்துமாவைத் தூண்டும் காரணிகளுள் ஒன்று. இதை அறிய, ஒன்றரை அடி சதுரமுள்ள பாலித்தீன் தாளின் நான்கு ஓரங்களையும் தளத்தின் மேல் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் தளம் உலரும்வரை பொறுத்திருங்கள்.

நோயாளியின் காலுக்கு ஏற்றதா?

பளபளப்பான மேற்பூச்சைத் தவிர்த்து, மங்கலான பூச்சுள்ள பலகையைத் தேர்ந்தெடுங்கள். பூச்சு ஆலையிலேயே இடப்பட்டதாக இருத்தல் நன்று. வீட்டில் அடிக்கப்படும் இரு பகுதிக் கலவை வார்னிஷ்களில் ஐசோசயனேட் என்னும் பொருள் இருப்பதுண்டு. தொழிற்சாலைகளில் ஆஸ்துமாவை உண்டாக்கும் பொருள்களுள் அது நன்கு அறியப்பட்ட ஒன்று.

பலர் கவனியாத இடர் வாசற்படியில் உள்ளது. பழைய டைல்ஸின் மேல் பலகை பதிக்கும்போது தரைமட்டம் ஒன்றரை சென்டிமீட்டர் வரை உயரக்கூடும். குளியலறை வாசலில் உண்டாகும் அச்சிறு விளிம்பு வாக்கரின் காலை இடறிவிடப் போதுமானது. அங்கே சரிவுப் பட்டை பொருத்தச் சொல்லுங்கள். குளியலறைக்கும் சமையலறைக்கும் மூங்கில் தரை வேண்டாம்.

நம் வீடுகளில் வாளி நீரை ஊற்றித் தரையைக் கழுவிவிடும் வழக்கம் உண்டு. மூங்கில் தரை அதைத் தாங்காது. நன்கு பிழிந்த துணியால் துடைத்தலே போதும். வெள்ளி தோறும் வீட்டைக் கழுவிவிட வேண்டும் என்று விரும்பும் பெரியவர்கள் இருந்தால், அவர்களுடைய கருத்தை வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

எப்போது பதிப்பது?

வாயு வெளியேற்றம் புதிதில் மிகுந்தும் நாள் செல்லச் செல்லக் குறைந்தும் இருக்கும். ஆகவே பதித்த பின் குறைந்தது நான்கு வாரம், சன்னல்களைத் திறந்து வைத்து, நோயாளியை வேறு அறையில் தங்கவைக்குமாறு அறிவுறுத்துகிறோம். அந்த நாள்களில் கொசுவத்தி, ஊதுபத்திப் புகையையும் தவிருங்கள். அவற்றிலிருந்தும் ஃபார்மால்டிஹைடு வெளியாகிறது. அவர் இன்னும் சில நாள்களில் வீடு திரும்பவிருக்கிறார் என்றால் இப்போது தரையைத் தொடாதீர்கள். கட்டிலருகே அடிப்பக்கம் வழுக்காத விரிப்பு, காலுக்குப் பிடிப்புள்ள செருப்பு, குளியலறைச் சுவரில் கைப்பிடி, இரவில் ஒரு சிறு விளக்கு ஆகியவற்றைச் செய்து கொடுங்கள். குளிருக்கும் வழுக்கலுக்கும் இவையே முதல் மருந்து.

தந்தைக்காக ஓர் அறையைப் புதுப்பிக்க நினைப்பது நல்ல மனம். அந்த அன்பு அவருடைய மூச்சுக்கும் நன்மையாக அமைய, வேலையைத் தொடங்குமுன் ஒரு சொல் எங்களிடம் கேளுங்கள். வீடு திரும்பும் நாளன்று, எந்த அறையில் தங்கவைக்கப் போகிறீர்கள் என்று நாங்களும் உங்களைக் கேட்போம்.