ஒன்றரை பைன்ட் கணக்கு

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கியர் பாக்ஸுக்கு ஒன்றரை பைன்ட் எண்ணெய். பின்னால் டிஃபரென்ஷியலுக்கு ஒரு பைன்ட். பிரிட்டிஷ் பைன்ட் என்பது 568 மி.லி. அப்படியானால் முன்னது 852, பின்னது 568, இரண்டும் சேர்ந்து 1,420 மி.லி. வோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு எண்ணெய் மாற்றினால் 2.5 லிட்டர் போகும். எம்.ஜி.பி. காரின் முதல் வகை கியர் பாக்ஸுக்கு நாலரை பைன்ட், அதாவது 2.56 லிட்டர். இவற்றுக்குப் பக்கத்தில் ஹெரால்டினுடையது சிறிய பாத்திரம். அதனாலேயே இதில் 100 மி.லி. குறைந்தாலும் அது பெரிய குறை.

போன மாசியில் என் வண்டியின் கியர் ஆயிலை இறக்கினேன். 1960-களில் சென்னையை அடுத்த வண்டலூர் ஆலையில் பிறந்த வண்டி, 948 சிசி. பத்து கிலோமீட்டர் ஓட்டி எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டேன். நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில் ஸ்டாண்டு வைத்துத் தூக்கினேன். பெயின்ட் கடையில் வாங்கிய அளவுக் குவளையைக் கீழே வைத்து, டிரெயின் பிளக்கைக் கழற்றி, முக்கால் மணி நேரம் சொட்டவிட்டேன். குவளையில் சேர்ந்தது 610 மி.லி. இருக்க வேண்டியது 852. குறைந்தது 242, நூற்றுக்கு 28 பங்கு. பின்பக்க ஆயில் சீல் கசிந்து தரையில் போட்ட புள்ளிகளை இரண்டு வருடமாகத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அவற்றை ஒருநாளும் கூட்டிப் பார்க்கவில்லை.

குறைந்த அளவைவிட, வந்த எண்ணெய்தான் என்னைக் கவலைப்பட வைத்தது. ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து வெயிலில் பிடித்தேன். கறுப்புக்குள் தங்கப் பொடி போல ஏதோ மின்னியது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன். பிளக்கில் ஒட்டியிருந்த சாம்பல் நிறத் தூள் காந்தத்துக்கு வந்தது, மஞ்சள் தூள் வரவில்லை. சிங்க்ரோ ரிங்கின் மஞ்சள் உலோகம் அது.

ஹெரால்டுக்கு முன்பக்கம் போக நான்கு கியர். முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. இரண்டு, மூன்று, நான்குக்கு ஒவ்வொரு ரிங், ஆக மூன்று. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது, சுற்றும் கியரின் கூம்பை இந்த ரிங் கவ்விப் பிடித்து, உரசி, இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்குகிறது. அதன் பிறகுதான் பல் பல்லோடு சேரும். ரிங்கின் வேலையே உரசுவது. அது உரச முடியாத அளவுக்கு வழுக்கும் எண்ணெயை ஊற்றினால் கியர் ‘கர்ர்’ என்று கத்தும். என் வண்டியில் இரண்டாவது கியர் கத்த ஆரம்பித்தது ஒரு பட்டறையில் எண்ணெய் மாற்றிய மூன்று மாதத்துக்குள். அவர்கள் ஊற்றியது நல்ல எண்ணெய்தான், விலையும் கூடுதல். டப்பாவில் 80டபிள்யூ-90, ஜி.எல்-5 என்று அச்சிட்டிருந்தது. ‘நாலைவிட அஞ்சு ஒசத்திதானே சார்’ என்று அன்பாகத்தான் சொன்னார்கள்.

அந்தக் கணக்குதான் தவறு. ஜி.எல். எண்கள் பள்ளிக்கூட வகுப்பு போல ஏறிக்கொண்டே போவன அல்ல. அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட் வகுத்த சேவைப் பிரிவுகள் அவை. 1, 2, 3, 6 ஆகியவை வழக்கொழிந்தன. இன்று கார்களுக்குப் புழக்கத்தில் இருப்பவை 4, 5 இரண்டும்தான். இரண்டிலும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் உண்டு. அழுத்தத்திலும் சூட்டிலும் இவை பற்களின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து, பல்லுக்குப் பதில் தாங்கள் தேய்ந்து போகின்றன. ஜி.எல்-4-ல் இருக்கும் அளவு ஜி.எல்-5-ல் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. ஜி.எல்-5 பிறந்தது ஹைப்பாய்டு டிஃபரென்ஷியலுக்காக. அதில் பினியன் கியர் கிரவுன் சக்கரத்தின் நடுக்கோட்டுக்குக் கீழே உட்கார்ந்திருப்பதால் பற்கள் உருள்வதோடு இழைந்து சறுக்கவும் செய்கின்றன. அங்கே அந்தப் படலம் உயிர்நாடி. சிங்க்ரோ ரிங்கிலோ அதே படலம் பிடிமானத்தைக் கெடுக்கிறது. வினைத்திறன் மிக்க கந்தகம் செம்பு கலந்த உலோகத்தை அரிக்கவும் செய்யும்.

எவ்வளவு அரிக்கும் என்பதற்கும் அளவு உண்டு. மெருகேற்றிய செப்புத் தகட்டை எண்ணெயில் முக்கி, 121 டிகிரி செல்சியஸில் 3 மணி நேரம் வைத்து, நிறம் எவ்வளவு மாறியது என்று பார்க்கும் சோதனை. 1 என்றால் லேசான மங்கல், 4 என்றால் கறுத்து அரித்துப்போன நிலை. ஜி.எல்-5 எண்ணெய்க்கு 3 வரை அனுமதி உண்டு. இன்று விற்கும் நல்ல ஜி.எல்-5 எண்ணெய்கள் பல 1-லேயே நின்றுவிடுகின்றன. அதனால் என் மூன்று ரிங்குகளையும் எண்ணெய் மட்டுமே தின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். அறுபது வருட வயதும், 242 மி.லி. குறைவும் சேர்ந்தே தின்றிருக்கும். ஆனால் பிடிமானப் பிரச்சினைக்கு நல்ல ஜி.எல்-5 என்ற விலக்கு கிடையாது.

இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். என் வண்டியின் மூல வடிவமான டிரையம்ப் ஹெரால்டு இங்கிலாந்தில் வெளிவந்தது 1959-ல். ஜி.எல்-5-க்கு அடிப்படையான அமெரிக்க ராணுவத் தரம் வந்தது 1962-ல். அதாவது இந்த வண்டியின் ஹைப்பாய்டு டிஃபரென்ஷியலே, இன்று நாம் ஜி.எல்-4 என்று சொல்லும் வகை எண்ணெயை நம்பி வரைந்த ஒன்று. பழைய கையேடு கியர் பாக்ஸுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் ஒரே எண்ணெயைத்தான் சொல்கிறது: இ.பி. 90.

இந்த 90-ஐச் சுற்றியும் குழப்பம் நிறைய. புதுப்பேட்டையில் ஒரு பெரியவர் இருக்கிறார், நாற்பது வருடமாக கியர் பாக்ஸ் மட்டும்தான் பிரிக்கிறார். அவரிடம், “பாய், சத்தம் வருது, ஒன்-ஃபார்ட்டி ஊத்திடலாமான்னு கேக்குறாங்க” என்றேன். “ஊத்துங்க சார், சத்தம் அடங்கும். காலையில கியர் விழாது. நோய அமுக்குறீங்க, அவ்வளவுதான்” என்றார். எண்களும் அதையே சொல்கின்றன. 100 டிகிரியில் எண்ணெயின் பிசுபிசுப்பை சென்டிஸ்டோக்கில் அளந்தால், கியர் ஆயில் 90 என்பது 13.5 முதல் 18.5 வரை. 140 என்பது 24 முதல் 32.5 வரை. நடுவில் ஒரு படியே தாண்டிப் போகிறது, 18.5-க்கும் 24-க்கும் இடையில் இருப்பதற்கு 110 என்று 2005-ல் தனிப் பெயர் கொடுத்தார்கள். அதற்கு முன் 90 என்ற ஒரே பெயருக்குள் 13.5 முதல் 24 வரை எல்லாம் அடங்கியது. பழைய கையேட்டின் 90 இன்றைய டப்பாவின் 90-ஐவிட அகலமானது.

என்ஜின் ஆயிலுக்கு அளவுகோல் வேறு. அதில் 50 என்ற எண்ணுக்கு 16.3 முதல் 21.9 வரை. ஆக 20டபிள்யூ-50 என்ஜின் ஆயிலும் 90 கியர் ஆயிலும் பிசுபிசுப்பில் கிட்டத்தட்ட அண்டை வீட்டுக்காரர்கள். எம்.ஜி.பி.யின் கையேடு கியர் பாக்ஸுக்கு என்ஜின் ஆயிலையே சொன்னதில் அதிசயம் இல்லை. 1959-ல் வந்த மினியில் என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரே தொட்டி, ஃபில்டரோடு சேர்த்து எட்டரை பைன்ட், 4.8 லிட்டர். ஹெரால்டும் இவையும் பிரிட்டிஷ் வண்டிகள், ஒரே காலம், இருந்தும் வேறு வேறு எண்ணெய். எந்த வண்டி எதைக் கேட்கிறது என்பதைக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டு வண்டியில் அல்ல.

80டபிள்யூ, 75டபிள்யூ என்பதெல்லாம் குளிருக்கான எண். 75டபிள்யூ எண்ணெய் மைனஸ் 40 டிகிரியிலும், 80டபிள்யூ மைனஸ் 26-லும், 85டபிள்யூ மைனஸ் 12-லும் ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு மேல் கெட்டிப்படக் கூடாது. சென்னையில் மார்கழி விடியலிலும் 18 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். 75டபிள்யூ-90 சிந்தடிக்குக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள், இந்த ஊரில் பெரும்பாலும் வராத குளிருக்குப் பணம் கட்டுகிறார்கள். ஊட்டியில் இருப்பவருக்கும் 80டபிள்யூ தாராளம்.

இனி ரூபாய்க் கணக்கு. விலை கடைக்குக் கடை மாறும் என்பதால், இ.பி. 90 ஜி.எல்-4 லிட்டர் 400 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்கிறேன்.

வாங்கியது: 1 லிட்டர் டப்பா இரண்டு, ரூ. 800
கியர் பாக்ஸ்: 852 மி.லி.
டிஃபரென்ஷியல்: 568 மி.லி.
மிச்சம்: 580 மி.லி.

என் வண்டி வருடத்துக்கு 2,000 கி.மீ. ஓடுகிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் 6,000 கி.மீ.க்கு 800 ரூபாய். கிலோமீட்டருக்கு 13 காசு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வண்டி 12 கி.மீ. தருகிறது என்றால் கிலோமீட்டருக்கு 8 ரூபாய் 33 காசு. பெட்ரோல் செலவில் நூற்றுக்கு 1.6 பங்குதான் இந்த எண்ணெய். சிந்தடிக்கை லிட்டர் 1,200 என்று வைத்தால் இதே கணக்கு 40 காசாகும். அதுவும் ஆளை முழுகடிக்கிற தொகை இல்லை. லிட்டருக்கு லிட்டர் விலையை ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை.

ஒப்பிட வேண்டியது வேறு. ஹெரால்டின் கியர் பாக்ஸைக் கீழே இறக்க முடியாது. வண்டிக்கு உள்ளே இருந்துதான் தூக்க வேண்டும். முன்சீட்டைக் கழற்றி, கம்பளத்தைச் சுருட்டி, நடுவில் உள்ள உறையைப் பிரித்து, இரண்டு பேர் கதவு வழியாக வெளியே எடுக்க வேண்டும். பாய்க்கு இறக்க ஒரு நாள், பிரித்துக் கோக்க ஒரு நாள், ஏற்ற ஒரு நாள். மூன்று நாள் கூலி, மூன்று ரிங், ஒரு சீல். ரிங் தேட ஜி.பி. ரோட்டில் நான் நடந்தது நான்கு சனிக்கிழமை. இரண்டு கிடைத்தன, மூன்றாவது இன்னும் இல்லை. நான்காவது கியருக்குப் பழைய ரிங்கையே திரும்பப் போட்டிருக்கிறோம். இது 13 காசுக்கு எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டிய வரவு செலவு.

அமெரிக்க அட்டவணையைப் பார்த்து ஊற்றுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவர்களுடைய பைன்ட் 473 மி.லி. ஒன்றரை பைன்டுக்கு 710. நம் 852-க்கு இது 142 குறைவு, ஆறில் ஒரு பங்கு. அளவு பார்க்காமல் லெவல் பிளக்கை நம்புவதே நல்லது: பக்கவாட்டுத் துளைக்குள் சுண்டுவிரலை விட்டால் எண்ணெய் விரல் நுனியைத் தொட வேண்டும், வழிய ஆரம்பித்தால் நிறுத்த வேண்டும். வண்டி முன்பக்கம் மட்டும் தூக்கி நின்றால் இந்த விரலும் பொய் சொல்லும்.

ஆட்டோமேட்டிக் பழைய வண்டி வைத்திருப்பவர்களின் சங்கதி தனி. ஜெனரல் மோட்டார்ஸ் ‘டைப் ஏ’ திரவத்தை 1949-லும், டெக்ஸ்ரானை 1967-லும் கொண்டுவந்தது. ஃபோர்டின் ‘டைப் எஃப்’ அதற்கு நேர் எதிர்: உரசலைக் குறைக்கும் சேர்மம் இல்லாதது, கிளட்ச் சட்டென்று கவ்வும். இரண்டையும் மாற்றி ஊற்றக் கூடாது. 2005-ல் வந்த டெக்ஸ்ரான்-6, 100 டிகிரியில் 6.4 சென்டிஸ்டோக்கைத் தாண்டாது. முந்தைய திரவங்களைவிட மெலிது. பழைய சீல்களுக்கு அது ஒத்துப்போகுமா என்று பார்த்துவிட்டு மாற்ற வேண்டும்.

மிச்சமிருந்த 580 மி.லி.க்கு வேலை இருக்கிறது. ஹெரால்டின் முன்சக்கரங்கள் திரும்புவதே கீழே உள்ள டிரன்னியன் என்ற மஞ்சள் உலோகத் துண்டின் மரையில். அதற்கும் கையேடு சொல்வது கிரீஸ் அல்ல, இதே 90 ஆயில். கிரீஸ் கன்னை எடுத்து அடிப்பது பட்டறைப் பழக்கம். கிரீஸ் மரைக்குள் இறங்காமல் நிற்கும், தண்ணீர் இறங்கும், உள்ளே எஃகுத் தண்டு துருப்பிடித்து ஒருநாள் ஓடும்போதே முறியும். நான் ஒரு பழைய கிரீஸ் கன்னைக் கெரசினில் கழுவி, எண்ணெய் நிரப்பி, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அடிக்கிறேன். மேல் ரப்பர் வளையத்தின் ஓரம் பொன்னிறமாக ஒரு கோடு கசியும்வரை. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 50 மி.லி.கூட ஆகாது. டப்பாவில் இப்போது 530 இருக்கிறது. மூடிமேல் ‘ஜி.எல்-4, ஹெரால்டு மட்டும்’ என்று பெயின்டால் எழுதி, என்ஜின் ஆயில் டப்பா இல்லாத தட்டில் வைத்திருக்கிறேன்.