காட்டுப் பாடகனை இனங்காணல்

பறவையொன்றை இனங்காண்பதற்கு அதன் நிறமும் குரலும் போதியவை என்று கருதுவோர் பலர். ஆயின், அது வாழும் இடத்தையும் உடன் அறியாதவிடத்து அவ்வறிவு நிறைவுறுவதில்லை. இவ்வுண்மையை விளக்கவல்லது, ஈழத்து உலர்வலயக் காடுகளில் இன்னிசை பொழியும் சோலைபாடி என்னும் பறவை.

நம் வீட்டுத் தோட்டங்களில் நாளும் காணப்படும் குண்டுக்கரிச்சானும் சோலைபாடியும் ஒரே சாதியைச் சேர்ந்தவை. இரண்டும் இனிது பாடுவன. ஆதலின் ஒன்றை மற்றொன்றாக மயங்குதல் எளிது. கரிச்சானின் வயிறு வெண்மையானது. சிறகிலே வெண்பட்டை உண்டு. சோலைபாடிக்கு அப்பட்டை இல்லை. அதன் தலையும் முதுகும் மார்பும் பளபளக்கும் கருநிறம், வயிறு செம்பழுப்பு, வால் மிக நீண்டது. வால் தொடங்குமிடத்தின் மேற்புறம் தூய வெண்மையாயிருக்கும். புதரிருளில் அது பறந்து மறையும்போது பளிச்சிடும் அவ்வெண்மையே சிறந்த அடையாளம்.

இந்தியச் சோலைபாடியின் பெண் மங்கிய நிறத்தது; ஈழத்துப் பெண்ணோ ஆணையே ஒத்தது. இலங்கைப் பறவைகளைப் பற்றிய பெருநூலை 1880 இல் நிறைவு செய்த லெக் என்பாரின் பெயரை, 1941 இல் விசிலர் என்னும் அறிஞர் ஈழத்து வகைக்குச் சூட்டினார். இதனைத் தனியினமாகவே கொள்ளவேண்டும் என்ற கருத்தும் அண்மையில் வலுப்பெற்றுள்ளது.

இனி, அதன் உறைவிடத்தை நோக்குவோம். பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கி நிற்க, அவற்றின் கீழே செடிகொடிகள் அடர்ந்திருக்கும் வன்னிக் காடுகளும் ஆற்றங்கரைச் சோலைகளும் இதற்கு உகந்தவை. சருகு மூடிய நிலத்திலே பூச்சிகளைத் தேடி உண்ணும், மரப்பொந்திலே கூடமைக்கும், வைகறையிலும் அந்தியிலும் மிகுதியாகப் பாடும். எனவே பொந்துடைய முதுமரம், நிழல் தரும் கீழ்ப்புதர், சருகு நிலம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைதல் வேண்டும். பெருமரங்களை விட்டுக் கீழ்ப்புதரை மட்டும் வெட்டினும் அதன் வாழ்வு குலையும்.

காடழிந்து தோட்டமாகுமிடத்துக் கரிச்சான் குடிபுகும், சோலைபாடி நீங்கிவிடும். இரண்டையும் பொதுவாகக் ‘கரிச்சான்’ என்றே குறித்துவைப்போமாயின், பாட்டு ஓயவில்லை என மகிழ்ந்திருப்போம். பாடகன் மாறியதை உணரோம். ஆதலின் பறவை நோக்கும் மாணவர் பெயரோடு இடத்தையும் பொழுதையும் குறித்துவைத்தல் நன்று. அக்குறிப்பே, காடு காடாக நிலைக்கின்றதா என்பதற்குச் சான்றாகும்.