பெட்ரோலிய எண்ணெய்களின் அமிலத்தன்மை நீக்கம்

பெட்ரோலிய எண்ணெய்களின் அமிலத்தன்மை நீக்கம் என்பது கச்சா எண்ணெயிலும் அதிலிருந்து பிரிக்கப்படும் எண்ணெய்களிலும் கரைந்துள்ள கரிம அமிலங்களை அகற்றும் செயல்முறையாகும். இவற்றுள் முதன்மையானவை நாப்தெனிக் அமிலங்கள். கார்பன் வளையங்களோடு கார்பாக்சில் தொகுதி இணைந்த இவ்வமிலங்களை மெக்னீசியம் ஆக்சைடு, கால்சியம் ஆக்சைடு போன்ற உலோக ஆக்சைடுகளைக் கொண்டு சிதைப்பது அமில நீக்க முறைகளுள் ஒன்றாகும்.

மொத்த அமில எண்

1 கிராம் எண்ணெயில் உள்ள அமிலத்தை நடுநிலையாக்கத் தேவைப்படும் பொட்டாசியம் ஐதராக்சைடின் மில்லிகிராம் அளவே மொத்த அமில எண் எனப்படும். இது 1-க்கு மேல் இருந்தால் அவ்வெண்ணெய் உயர் அமில எண்ணெயாகக் கருதப்படுகிறது. பிரேசிலின் மார்லிம், ஆப்பிரிக்காவின் சாடு நாட்டுத் தோபா ஆகிய கச்சா எண்ணெய்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. சுத்திகரிப்பது கடினம் என்பதால் உயர் அமில எண்ணெய்கள் பொதுவாகக் குறைந்த விலைக்கே விற்கப்படுகின்றன.

அரிமானம்

சுத்திகரிப்பு ஆலையில் எண்ணெய் ஏறத்தாழ 220 முதல் 400 பாகை செல்சியசு வரை சூடாகும்போது நாப்தெனிக் அமிலங்கள் எஃகுக் குழாய்களை அரிக்கின்றன. இவ்வினையில் உண்டாகும் இரும்பு நாப்தெனேட்டு எண்ணெயில் கரைந்துவிடுகிறது. எனவே உலோகத்தின் மேல் காப்புப் படலம் நிலைப்பதில்லை. புதிய பரப்பு தொடர்ந்து அரிக்கப்படுகிறது. சூடான எண்ணெய் செல்லும் குழாயில் துளை விழுந்தால் தீவிபத்து நேரலாம்.

பிற முறைகள்

அமிலம் குறைந்த எண்ணெயுடன் கலப்பது எளிய வழி. ஆனால் அதனால் அமிலம் நீங்குவதில்லை, நீர்த்துப்போகிறது. சோடியம் ஐதராக்சைடு கரைசலால் கழுவினால் அமிலம் சோப்பாக மாறும். இச்சோப்பு எண்ணெயையும் நீரையும் பால்மமாக்குவதால் அவற்றைப் பிரிப்பது கடினம், கழிவுநீரும் மிகுதி. ஐதரசனேற்றம் பயனுள்ளது எனினும், உயர் அழுத்தமும் ஐதரசனும் தேவைப்படுவதால் செலவு கூடுகிறது.

உலோக ஆக்சைடுகளின் செயல்பாடு

மெக்னீசியம் ஆக்சைடு காரத்தன்மையுள்ள திண்மம். அமிலத்தின் கார்பாக்சில் தொகுதி அதன் பரப்பில் ஒட்டுகிறது. உரிய வெப்பநிலையில் இரண்டு வினைகள் நிகழலாம்:

1. கார்பாக்சில் நீக்கம்: அமிலம் கார்பன் டைஆக்சைடை இழந்து ஐதரோகார்பனாக மாறுகிறது.
2. கீட்டோனாக்கம்: இரண்டு அமில மூலக்கூறுகள் இணைந்து கீட்டோன், கார்பன் டைஆக்சைடு, நீர் ஆகியவற்றைத் தருகின்றன.

இரண்டிலும் அமிலத்தன்மை மட்டும் நீங்குகிறது. மூலக்கூறின் பெரும்பகுதி எண்ணெயிலேயே தங்கிவிடுகிறது. வெளியிலிருந்து ஐதரசன் தேவையில்லை.

வினையூக்கியா, நடுநிலையாக்கியா?

அமில எண் குறைந்தது என்பதால் மட்டும் ஆக்சைடு வினையூக்கியாகச் செயல்பட்டது என்று கூறிவிட முடியாது. அது அமிலத்துடன் சேர்ந்து மெக்னீசியம் நாப்தெனேட்டு உப்பாகவும் மாறியிருக்கலாம். அமில எண் 2 உடைய 1 டன் எண்ணெயை இவ்வாறு நடுநிலையாக்க ஏறத்தாழ 0.72 கிலோகிராம் மெக்னீசியம் ஆக்சைடு செலவாகும். 1,00,000 டன்னுக்கு 72 டன் வேண்டும். உப்பு எண்ணெயில் கரைந்தால் உலோகமும் எண்ணெயில் கலந்துவிடும். உண்மையான வினையூக்கியாயின் அதே ஆக்சைடு மீண்டும் மீண்டும் பயன்பட வேண்டும்.

ஆகவே அமில எண்ணுடன், வெளியேறும் கார்பன் டைஆக்சைடின் அளவு, எண்ணெயில் கலந்த உலோகத்தின் அளவு, மீண்டும் பயன்படுத்தும்போது ஆக்சைடின் திறன் ஆகியவற்றையும் அளந்தே முடிவுக்கு வர வேண்டும். வெளியேறும் கார்பன் டைஆக்சைடை ஏற்றுக் கால்சியம் ஆக்சைடு கார்பனேட்டாக மாறித் திறன் இழப்பதும் உண்டு. எனவே ஆக்சைடின் ஆயுளைப் பொறுத்தே இம்முறையின் பயன் அமைகிறது.