நழுவித் திரும்பும் இழைகள்

பள்ளி அணியில் டென்னிஸ் ஆடும் மகள் அடிக்கும் பந்தெல்லாம் கோட்டைத் தாண்டிப் போகிறதாம். ‘கன்ட்ரோல்’ என்று அச்சடித்த பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் மாட்டினால் சரியாகுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இப்போதைக்கு வேண்டாம். காரணம் தெரிய, பந்து மட்டையைத் தொட்டிருக்கும் 5 மில்லி விநாடிக்குள் எட்டிப்பார்க்க வேண்டும்.

‘பந்தைக் கவ்விப் பிடிக்கும்’ என்று உறையில் போட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். இழை பந்தைப் பிடிப்பதைவிட, இழைமேல் இழை எப்படி வழுக்குகிறது என்பதில்தான் சூட்சுமம். மட்டை கீழிருந்து மேலாக வீசிவரும்போது, பந்து நெடுக்கு இழைகளைக் கீழ்ப்பக்கமாக ஒதுக்கிக்கொண்டு போகிறது. அவை குறுக்கு இழைகளின் மேல் நழுவி விறைத்து, பந்து கிளம்புவதற்குள் பழைய இடத்துக்குத் தாவுகின்றன. தாவுகிற வேகத்தில் பந்தின் முதுகை மேல்நோக்கி உரசிவிடுகின்றன. என்ன அழகான வேலை! அந்தக் கடைசி உரசல் தரும் கூடுதல் சுழற்சியால், வலைக்கு மேல் உயரப் பறந்த பந்து கோட்டுக்குள்ளேயே சடாரென்று இறங்குகிறது. ஓங்கி அடித்தும் உள்ளே விழுகிறதே, ஆட்டக்காரர்கள் கன்ட்ரோல் என்பதில் பெரும்பங்கு இதுதான்.

கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் நார்க் கயிற்றில் ஒரு சரத்தை ஒதுக்கிவிட்டால், சொரசொரப்பில் சிக்கி அப்படியே கிடக்கும். வழவழப்பான பிளாஸ்டிக் கயிறு தன் இடத்துக்கு வந்துவிடும். தொய்வான கட்டிலில் குதிக்கும் பிள்ளை ஆழ அமுங்கி எழும். இழுத்துக் கட்டியது சட்டென்று தள்ளிவிடும். மட்டையில் சில பவுண்டு இறுக்கம் குறைத்தால் பந்தின் வேகம் கூடுவது சொற்பம், ஆனால் சற்று உயரமாகக் கிளம்பி நீளமாகப் போகும். நாள்பட்ட கட்டில் அறுவதற்கு முன் தொய்கிறது. பாலியெஸ்டரும் அறுவதற்கு வெகு முன்பே இறுக்கத்தை இழந்துவிடுகிறது. கட்டிலையாவது திரும்ப இழுத்துக் கட்டலாம், இதை வெட்டி எறிய வேண்டியதுதான்.

வரலாறு சுருக்கமாக: 1977இல், நெடுக்கு இழைகளைப் பின்னாமலே விட்ட ‘ஸ்பகெட்டி’ மட்டையோடு வந்தார் டென்னிஸ் வீரர் நஸ்டாசே. களிமண் தரையில் தொடர்ந்து 53 ஆட்டம் வென்றிருந்த எதிராளி வில்லாஸ், இரண்டு செட் இழந்ததும் ஆட்டத்தைக் கைவிட்டார். இழைகள் பின்னியே இருக்க வேண்டும் என்று மறு ஆண்டு விதி வந்தது. 1997இல் குயெர்த்தன் என்ற வீரர் பெல்ஜியத்தின் லக்ஸிலான் நிறுவனப் பாலியெஸ்டரோடு பிரெஞ்சு ஓபனை வென்றார். விதி தடுத்த நழுவலை வழவழப்பு மீட்டுத் தந்துவிட்டது.

ஆனால் நெடுக்கு இழை நகர, வேகமான வீச்சு வேண்டும். வளரும் பிள்ளையின் கையில் அது இராது. இழை அசையாமல் நிற்க, விறைத்த பாலியெஸ்டரின் அதிர்ச்சி முழங்கையில் போய்ச் சேரும். ஃபெடரரே நெடுக்கில் மாட்டுக்குடல் இழையும் குறுக்கில் மட்டும் பாலியெஸ்டரும் போட்டுத்தான் ஆடினார். குடல் இழை இறுக்கத்தை நன்றாகக் காக்கும். விலை அதிகம், மழை ஆகாது. இந்தப் பெண்ணுக்கு பல நுண்ணிழைகள் சேர்ந்த மென்மையான நைலான் ‘மல்டிஃபிலமென்ட்’ போதும். மட்டைச் சட்டத்தில் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள், இப்போது இருப்பதைவிட 2 பவுண்டு கூட்டிக் கட்டச் சொல்லுங்கள்.

நைலானும் தேயும். நடுவில் உள்ள நெடுக்கு இழை ஒன்றை விரலால் ஒதுக்கி விட்டுப் பாருங்கள். திரும்பாமல் கோணலாக நின்றால், அடியில் குறுக்கு இழை அறுத்த பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த ஸ்ட்ரிங்கை அன்றே மாற்றிவிடுங்கள்.