மரபணு பார்த்துத் தரும் மாத்திரை

உதியன்குளங்கரைப் பக்கம் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் அடுத்த பேச்சு ஆர்.சி.சி. பற்றித்தான். நெய்யாற்றின்கரை வழியே பஸ் பிடித்தால் திருவனந்தபுரம்; அங்கே மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1981 முதல் இயங்குகிறது மண்டலப் புற்றுநோய் மையம். நுரையீரலில் என்று தெரிந்தாலோ, "பீடி, சிகரெட் உண்டோ?" என்று கேட்காதவர் இல்லை. புகையைத் தொட்டே அறியாத பெண்களையும் அந்தக் கேள்வி விடுவதில்லை. புற்றின் மரபணுப் பிறழ்வைக் குறிவைக்கும் இலக்கு மருந்துகள் அதிகம் கைகொடுப்பது இவர்களைப் போன்றவர்களுக்குத்தான்.

செல்லின் மேற்பரப்பில் இ.ஜி.எஃப்.ஆர். என்றொரு புரதம் உண்டு. வெளியிலிருந்து சமிக்ஞை வந்தால் மட்டுமே அது செல்லைப் பெருகச் சொல்லும். அதன் மரபணுவில் பிறழ்வு நேர்ந்தால், பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்ட அழைப்புமணி மாதிரி, யாரும் அழுத்தாமலே உத்தரவு போய்க்கொண்டிருக்கும். அந்தப் புரதம் வேலை செய்ய ஏ.டி.பி. மூலக்கூறு வந்து ஒரு குழியில் அமர வேண்டும். ஜெஃபிடினிப் மாத்திரை அந்தக் குழியை முந்திப் பிடித்துக்கொள்கிறது. உத்தரவு நிற்கிறது, கட்டி சுருங்குகிறது. கீமோவில் போல முடி கொத்தாகக் கொட்டுவதில்லை. முகத்தில் பருக்கள், வயிற்றுப்போக்கு வரலாம்.

2002இல் ஜப்பானில் இந்த மாத்திரை விற்பனைக்கு வந்தபோது சிலர் படுக்கையிலிருந்து எழுந்து நடந்தார்கள்; பலருக்குப் பலனே இல்லை. காரணம் இந்தப் பிறழ்வுதான் என்று 2004இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் அடினோகார்சினோமா வகை நுரையீரல் புற்றுள்ளவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு இது இருக்கிறது. ஏ.எல்.கே. என்ற வேறொரு மரபணுக் கோளாறுக்கு கிரிசோடினிப் என்ற மருந்து 2011இல் வந்தது.

முற்றிய நோயை இந்த மருந்துகள் அடியோடு போக்குவதில்லை. ஓராண்டு வாக்கில் புற்று புதுப் பிறழ்வோடு தப்பிக்கப் பார்க்கும், அப்போது கைகொடுப்பது ஒசிமெர்டினிப் என்ற அடுத்த மருந்து. மும்பை டாடா மருத்துவமனை 350 நோயாளிகளிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஜெஃபிடினிபோடு கீமோவும் சேர்த்ததும் நோய் அடங்கியிருந்த காலம் 8 மாதத்திலிருந்து 16 ஆனது.

விலைதான் நம் நாட்டின் நல்ல செய்தி. ஜெஃபிடினிபுக்கு இங்கே காப்புரிமை கிடைக்கவில்லை. ஹைதராபாத் நாட்கோ போன்ற கம்பெனிகள் மலிவாகத் தயாரித்தன. புற்றுநோய் மருந்துகளை லாபமில்லா விலைக்கு விற்கும் காருண்யா கவுண்டர்களைக் கேரள அரசு 2024இல் திறந்தது. ஒசிமெர்டினிபுக்குச் சுங்கவரி நீங்கியதும் அதே ஆண்டுதான், ஆனாலும் அது இன்னும் ஏழைக்கு எட்டாத விலையில்தான் நிற்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டுத் தேறினார் என்று ஜெஃபிடினிபை வாங்கிவிடாதீர்கள். பிறழ்வு இல்லாதவருக்குக் கீமோவே மேல் என்று 2009இலேயே நிரூபணமாகிவிட்டது. பயாப்ஸி எடுத்ததும், மரபணுச் சோதனைக்கு அனுப்பியாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள்.